தெய்வானைக்கு நாற்பத்தைந்து

12 ஜூன் 1972, திங்கள்

காற்று. விடிந்ததிலிருந்து ஓயவில்லை. மாடிக் கொடியில் போட்ட புடவை முழுக்கப் பனியன் பஞ்சு. இன்று பள்ளிக்கூடம் திறப்பு. செய்ய வேண்டியவை: பத்தாம் வகுப்பு உயிரியல் பாடக்குறிப்பு, மூக்குக் கண்ணாடிக்கு ஸ்க்ரூ, தவளைக்கு ஃபார்மலின் கேட்டு ஹெச்.எம்.முக்கு ஞாபகப்படுத்துதல் (போன வருடமும் இதே குறிப்பு).

ஒன்றும் நடக்கவில்லை. காப்பி ஆறுவதற்குள் ராசம்மாள் மாடியேறி வந்தாள். தம்பி மனைவி; நாத்தனாரான என்னை நங்கை என்பாள். இத்தனை வருடத்தில் என் அறை வாசலைத் தாண்டி உள்ளே வந்தது அபூர்வம். இன்று நேராக வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நங்கை, நம்ம புள்ள பெரிய மனுசி ஆயிட்டாளுங்க."

அழுகையும் சிரிப்பும் ஒரே முகத்தில். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மகள் தெய்வானைக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது. உயரம் பன்னிரண்டு வயதுப் பெண்ணுடையது. ஊரில் எத்தனை பேர் எத்தனை தடவை இவளிடம் "இன்னும் ஆகலீங்களா" என்று கேட்டிருப்பார்கள்.

நான் சொன்னது: "ராசம்மா, அது மாத்திரையால வர்றது. மூணு வாரம் சாப்பிட்டு நிறுத்துனா வரும்னு டாக்டரம்மா முன்னயே சொன்னாங்க. நெசம் இல்ல."

அவள் காதில் விழுந்தது: எதுவும் இல்லை. "சிவன்மலையானுக்கு முடி எறக்கறேன்னு வேண்டியிருந்தனுங்க" என்றாள். இறங்கிப் போய்விட்டாள். கீழே தம்பியின் பனியன் கம்பெனியில் கட்டிங் மேஜைக்காரர்கள் எல்லாருக்கும் சர்க்கரை கொடுக்கும் சத்தம்.

பின்னால் எனக்கே குழப்பம் வராமலிருக்க எழுதி வைக்கிறேன். போன தையில் நானும் தம்பியும் தெ.வைக் கோயமுத்தூர் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். முதலில் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி ஸ்லைடு. பிறகு ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். சித்திரையில் பதில். எல்லாருக்கும் செல்லுக்குள் நாற்பத்தாறு குரோமோசோம். தெ.வுக்கு நாற்பத்தைந்து. பெண் என்றால் இரண்டு எக்ஸ். இவளுக்கு ஒன்றே ஒன்று. போட்டோ காட்டினார். ஒவ்வொன்றையும் வெட்டி, ஜோடி ஜோடியாக ஒட்டியது. கடைசி ஜோடியில் ஒன்றுதான். பக்கத்தில் வெறும் தாள்.

குட்டை உருவம், அகன்ற கழுத்து, எல்லாம் அதனால். சூலகம் இருக்க வேண்டிய இடத்தில் நார் மாதிரி ஏதோ. முட்டை இல்லை. குழந்தை பிறக்காது, எந்த வைத்தியத்திலும். மாத்திரை எலும்புக்கும் உடம்பு வளர்ச்சிக்கும். மாதாமாதம் வரும் உதிரம் அதன் பக்க விளைவு, அவ்வளவுதான்.

இதை ராசம்மாளுக்குப் புரியும் தமிழில், அவள் முகத்தைப் பார்த்து, அன்றைக்கே சொன்னவள் நான்தான்.

13 ஜூன், செவ்வாய்

காற்று. பல்வலி, வலது கீழ். கிராம்பு.

தம்பி முத்துசாமி கம்பெனியில் நூல் கோனைக் கையில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக அவனிடம் போனேன்.

"டாக்டரம்மா சொன்னதை நீயும் பக்கத்துல உக்காந்துதானடா கேட்டே."

"கேட்டேங்க்கா. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. தானா வராதுன்னாங்க. மருந்து குடுத்தாங்க. வந்துருச்சு. மருந்து குடுத்தா நோவு தீருது. தீந்துருச்சுன்னுதான அர்த்தம்?"

மருந்து கொடுத்தால் நோய் தீரும் என்று எட்டாம் வகுப்பில் நான்தான் நடத்துகிறேன்.

ராசம்மாள் காப்பி கொண்டுவந்தவள் நின்றுகொண்டே சொன்னாள்: "நீங்களே ஒருக்கா சொன்னீங்க நங்கை. நீங்க காலேஜுல படிக்கறப்ப மனுசனுக்கு நாப்பத்தெட்டுன்னு புஸ்தகத்துல போட்டிருந்துச்சாமா. பொறவு தப்புன்னு நாப்பத்தாறுன்னு மாத்துனாங்களாமா. இதும் ஒரு நாளைக்கு மாறாதுங்களா?"

உண்மைதான். நாற்பத்தெட்டு என்று எழுதித்தான் பட்டம் வாங்கினேன். நாற்பத்தெட்டு என்றே சில வருடம் பாடமும் நடத்தினேன். தன்னைத் திருத்திக்கொள்வதே விஞ்ஞானத்தின் பெருமை என்று வகுப்பில் வருடா வருடம் சொல்கிறேன். அந்தப் பெருமையை வீட்டிலும் பேசியிருக்கிறேன் போல. இன்று திரும்பி வந்து என்னையே கடித்தது.

"அது வேற, இது வேற" என்றேன். வகுப்பில் ஒரு பெண் இப்படிப் பதில் சொன்னால் மதிப்பெண் கொடுக்க மாட்டேன்.

18 ஜூன், ஞாயிறு

சீர். வாசலில் பந்தல், காற்றில் இரண்டு முறை சாய்ந்தது. மிஷின்கள் எல்லாம் நிறுத்தம். ஞாயிற்றுக்கிழமையிலும் ஓட்டுகிற ஆள் தம்பி, இன்று நிறுத்தினான்.

தாய்மாமன் வெள்ளகோவில் நல்லசாமி, ராசம்மாளின் அண்ணன். ஆள் பெரியது, குரல் மெல்லியது. தென்னை ஓலையை வெட்டி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, முற்றத்தில் தானே குடிசை கட்டினார். விரலில் ஓலை கிழித்து ரத்தம், துடைத்துக்கொண்டு கட்டினார். சீர்த்தட்டு: பட்டு, வளையல், மஞ்சள், பழம், வெல்லம், ஒரு ஜோடி கொலுசு. கொலுசு குழந்தை அளவு. அளவு தெரிந்துதான் வாங்கியிருக்கிறார்.

என்னிடம் தட்டு தரவில்லை. கல்யாணம் ஆகாதவள், தலை நரைத்தவள். கம்பெனிச் சுவரோரம் நின்றேன். அங்கிருந்து எல்லாம் கேட்கும்.

"பத்தொம்போது வயசுல இப்பத்தான் ஆயிருக்குதா?"

"ஆனதே பெருசு. வாய மூடிட்டுச் சந்தனத்தத் தொடு."

"புள்ளைக்கு அந்தப் பாவாடையப் பாரு, பொம்மைக்குக் கட்டுன மாதிரி."

சாப்பாட்டுக்கு முன்னால் நல்லசாமி எழுந்து நின்று சொன்னார்: "என்ற தங்கச்சி மக. என்ற ஊட்டுக்குத்தான் வரோணும். ஆவணில என்ற பையன் சண்முகத்துக்கு முடிச்சர்றதுங்க. சொந்தபந்தம் ஒறம்பரைல ஆருக்காச்சும் மறுப்பு இருந்தா இப்பவே சொல்லிருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மறுப்பு எனக்கு இருந்தது. ஓலைக்குள் அந்தப் பெண் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஊர் முழுக்கக் கூடிய பந்தலில் "இவளுக்குக் குழந்தை பிறக்காது" என்று எழுந்து சொல்கிற வார்த்தை எந்த மொழியிலும் இல்லை.

பாயசத்தில் ஏலக்காய் அதிகம். பல்வலியில் குடிக்கவில்லை.

21 ஜூன், புதன்

தெ. மாடிக்கு வந்தாள். புதுக் கொலுசு. கீழே செக்கிங் மேஜையில் பெண்களோடு உட்கார்ந்து பனியன் பார்ப்பது அவள் வழக்கம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிறகு வேறு வேலை இல்லை. போன மாதம் புதிதாகச் சேர்ந்த தையல்காரர் ஒருவர் அவளிடம் "கண்ணு, எத்தனாவது படிக்கற?" என்று கேட்டதற்கு, "ஒண்ணாப்புதாங்க, பதினாலு வருசமா" என்றாளாம். இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"அத்தை, நா வயசுக்கு வரலீங்கள்ல?"

பேனாவை மூடி வைத்தேன்.

"மாத்திரைய நிறுத்துனதும் வந்துச்சு. நிறுத்தாம தின்னுருந்தா வந்திருக்காது. அப்ப அது என்றது இல்ல, மாத்திரையோடது. சரிங்களா?"

சரி. என் மாணவிகளில் யாரும் இவ்வளவு நேராக ஒரு முடிவுக்கு வந்ததில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். படம் போட்டுக் காட்டினேன். எக்ஸ், அதன் பக்கத்தில் காலியிடம்.

"அந்த இன்னொண்ணு எங்கெ போச்சு?"

"எங்கயும் போகல. முட்டை உருவாகறப்பவோ அதுக்குப் பின்னாலயோ, பிரியற நேரத்துல விட்டுப்போச்சு."

"ஆரு விட்டது?"

"யாரும் இல்ல."

"நம்ம கம்பெனில ஒரு கண்ணி விட்டுப்போனாக்கூட எந்த மிஷினு, ஆரு ஓட்டுனதுன்னு அப்பா கேட்டுட்டுத்தான் சோறு திம்பாருங்க."

யாருடைய குற்றமும் இல்லை என்பதைத்தான் இந்த வீட்டில் ஒருவராலும் விழுங்க முடியவில்லை. தம்பி, வெள்ளகோவில் பக்கத்து ரத்தம் என்கிறான். ராசம்மாள், வயிற்றில் பிள்ளையோடு நாள் முழுக்கத் தையல் மிஷின் மிதித்ததால் என்கிறாள். டாக்டரம்மா இரண்டுமில்லை, தற்செயல் என்றார். தற்செயலோடு யார் சண்டை போடுவது.

தெ. தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டு சொன்னாள்: "உடுங்க. பழுதுன்னு செகண்ட்ஸ்ல போட்டுர்லாம். கழுத்துப்பட்டி வேற அகலமாத் தெச்சு உட்டுட்டாங்க." அவளே சிரித்தாள். நான் சன்னலைச் சாத்தினேன், பஞ்சு வருகிறது என்று.

ஆசிரியப் பயிற்சி பற்றிச் சொன்னேன். இடம் வாங்கிவிடலாம். இவளுக்குத் தமிழ் நன்றாக வரும். குரல் நல்ல குரல்.

"நாலாப்புப் பசங்க என்னைய விட ஒசரமா இருப்பாங்க அத்தை."

"இருந்தா என்ன?"

"உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க."

பிறகு: "மாமனுக்குச் சொல்லோணுமுங்கள்ல?"

"உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு."

கீழே கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

3 ஜூலை, திங்கள்

மின்வெட்டு. மிஷின் சத்தம் நின்றால் தெருவே செவிடானது போல.

தெ.வின் மாத்திரைப் புட்டியைக் காணோம். என் அலமாரியில்தான் இருந்தது; சீர் அமளியில் அடுத்த சுற்றை இன்னும் தொடங்கவில்லை. ராசம்மாளிடம் கேட்டேன். சாக்கடையில் கொட்டிவிட்டாளாம். "நல்லானதுக்கப்பறம் எதுக்குங்க நங்கை மருந்து? நாளைக்கு மருந்து தின்னுட்டிருக்கற புள்ளைன்னு தெரிஞ்சா அண்ணி என்ன நெனப்பாங்க?"

எலும்பைப் பற்றிச் சொன்னேன். நாற்பது வயதில் இடுப்பு முறியும் என்றேன். "நாப்பது வயசுக்கு இன்னும் எத்தன நாள் கெடக்குது" என்றாள். தாய்க்கு அது நியாயமான கணக்கு. ஆவணிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்.

தம்பியிடம் போனேன். ஆர்டர் நெருக்கடி. "அவகிட்டயே பேசிக்கக்கா."

கண்ணாடிக்கு ஸ்க்ரூ போட்டாகிவிட்டது.

20 ஜூலை, வியாழன்

ஆடிக்காற்று. ஹெச்.எம். ஃபார்மலின் பற்றி வாய் திறக்கவில்லை.

தெ.வுக்கு இந்த மாதம் வராது என்று எனக்குத் தெரியும். வரவில்லை. ராசம்மாள் ஒரு வாரமாக என்னைப் பார்த்தால் பார்வையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இன்று காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது படிக்கட்டிலேயே மறித்தாள். இந்த முறை அழவில்லை.

"நீங்க சொன்னது நெசந்தானுங்க."

"ஆமா."

"அந்த மாத்திரை மறுபடியும் வேணுமுங்க. கல்யாணம் முடியற வரைக்கும்."

புரிய ஒரு நிமிடம் ஆனது. இப்போது அவள் நம்புகிறாள். எல்லாவற்றையும், முழுவதுமாக. நம்பியதால்தான் கேட்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் பந்தக்கால் நடும்போது நாள் கேட்பார்கள், வீட்டுக்குத் தூரமா என்று பார்த்துத்தான் முகூர்த்தம் குறிப்பார்கள். நாள் என்று ஒன்று இருந்தாக வேண்டும்.

"உன் சொந்த அண்ணனை ஏமாத்தறயா?"

"வேற ஆர ஏமாத்தறதுங்க?" என்றாள். "வெளியாளுக்குக் குடுத்தா மூணாம் மாசம் தலைமுடியப் புடிச்சு இழுத்துட்டு வந்து வாசல்ல உடுவான். என்ற அண்ணன் உட மாட்டாரு. திட்டுவாரு. ஆனாச் சோறு போடுவாரு. நானும் இவ அப்பாவும் செத்துப்போனா இவள ஆரு பாப்பா? நீங்களா?"

எனக்கு நாற்பத்தெட்டு. தம்பி வீட்டு மாடியில் ஓர் அறை. படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது.

முதல் பீரியடுக்குத் தாமதம். ஹெச்.எம். கடிகாரத்தைப் பார்த்தாள்.

22 ஜூலை, சனி

கோயமுத்தூர். பஸ்ஸில் நிற்க இடம். பல் பிடுங்கியாகிவிட்டது, அதே பயணத்தில்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன், எதற்காகக் கேட்கிறார்கள் என்பதையும். மேஜை மேல் கையைக் கோத்துக்கொண்டு கேட்டார். இந்த ஊர்க்காரர் இல்லை, தஞ்சாவூர்ப் பக்கம்.

"பொய்க்கு நான் மாத்திரை எழுதிக்கொடுக்கிறேன்னு உங்களுக்கு வருத்தம்."

"ஆமாம்."

"எழுதலேன்னா அந்தப் பொண்ணுக்கு எலும்பு போகும். நான் யாருக்கு டாக்டர், பொய்க்கா, பொண்ணுக்கா?"

"கல்யாணத்துக்கப்புறம் அவங்க வாங்கித்தர மாட்டாங்க."

"தெரியும்" என்றார். "இந்த மாதிரி இன்னும் ரெண்டு பொண்ணுங்க வர்றாங்க. ஒருத்தி கல்யாணம் ஆனதும் வரவே இல்லை."

எழுதிக் கொடுத்தார். வாங்கினேன். மருந்துக்கடைக்காரன் பொட்டலம் கட்டும்போது, "உங்களுக்குங்களா?" என்றான். ஆமாம் என்றேன். அது எளிதாக இருந்தது.

என்ன செய்தாலும் இதில் தப்பு. கொடுத்தால் மோசடிக்குத் துணை. கொடுக்காவிட்டால் அவள் எலும்பு. சண்முகத்திடம் நேராகச் சொல்லிவிட்டால் கல்யாணம் நின்றுபோகும். பயிற்சிப் பள்ளியில் இன்னும் இடம் இருக்கலாம். வாயில் ரத்தம் துப்பிக்கொண்டே பஸ்ஸில் யோசித்தேன். தெ.விடம் கேட்டுவிட்டுத்தான் எதுவும்.

24 ஜூலை, திங்கள்

கேட்டேன். செக்கிங் முடிந்து பஞ்சுத் தலையோடு வந்தாள்.

"சண்முகத்துக்கிட்ட நான் சொல்லட்டுமா?"

கொலுசைத் திருகினாள்.

"சொல்லுங்க. அவரு ஏமாந்துட்டாருன்னு பின்னால என்னைய அடிக்கறதுக்கு, இப்பவே வேண்டாமுன்னு போயிட்டாத் தேவல." பிறகு, "சிரிக்காமச் சொல்லுவீங்கள்ல? ஆராச்சும் என்னையப் பத்திப் பேசுனாக் கடேசில சிரிச்சுர்றாங்க."

2 ஆகஸ்ட், புதன்

ஆடிப் பதினெட்டு. விடுமுறை. சண்முகம் வெள்ளகோவிலிலிருந்து நோம்பிப் பலகாரத்தோடு வந்தான். இருபத்தாறு வயது, தறி ஓட்டுகிறவன், கை காய்த்தவன். தலை நிமிர்ந்து பேச மாட்டான். கெட்டவனாக இருந்தால் எவ்வளவு சௌகரியம்.

மாடிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். பாடம் நடத்துவது போல, சிரிக்காமல். எக்ஸ் ஒன்றுதான். மாதவிலக்கு மாத்திரையால் வருவது. குழந்தை ஒருநாளும் கிடையாது. மாத்திரையை ஆயுசுக்கும் விடக்கூடாது.

கேட்டுக்கொண்டான். தரையைப் பார்த்தான். காற்றில் கதவு அடித்துக்கொண்டது. எழுந்து போய்ச் செங்கல்லை அணை கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"அவளுக்குத் தெரியுமுங்களா, பெரிம்மா?"

"தெரியும்."

"அழுதாளுங்களா?"

"இல்ல."

"அழுக மாட்டா அவ" என்றான். ஒரு நிமிடம் எனக்கு நம்பிக்கை வந்தது, எதன் மேல் என்று தெரியாமல்.

"அப்பாகிட்டச் சொல்றேனுங்க. அவரு கைவிட மாட்டாரு. முறைப்பொண்ணு. சீர் வெச்சாச்சு. ஊரெல்லாம் தெரியும். நாங்க வேண்டாமுன்னா அவளுக்கு அப்பறம் ஒண்ணுமே இல்லீங்களே." எழுந்தான். "கொளந்தைக்கு என்னுங்க. பின்னால இன்னொண்ணு கட்டிக்கலாமுங்க. அவளத் தள்ளி வெக்க மாட்டேன் பெரிம்மா. சத்தியமா. அவ பாட்டுக்கு ஊட்டுல இருக்கட்டும்."

என்னை ஆறுதல்படுத்தச் சொன்னான். முகத்தில் களங்கமே இல்லை.

ஒருவனுக்கு ஒருத்தி என்று சட்டம் இருக்கிறது. வெள்ளகோவில் பஸ்ஸில் அது இன்னும் ஏறவில்லை.

4 ஆகஸ்ட், வெள்ளி

நல்லசாமியே வந்துவிட்டார். தம்பி, ராசம்மாள், நான். கம்பெனி ஆபீஸ் அறை, நூல் மூட்டைகளுக்கு நடுவே.

ராசம்மாள் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். நேற்றிலிருந்து பேச்சு இல்லை. தட்டு மட்டும் படியில் வைக்கப்படுகிறது.

நல்லசாமி தங்கையைத் திட்டவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாதது. "மொதல்லயே என்றகிட்டச் சொல்லியிருக்கலாமில்ல, பைத்தியக்காரி. நா என்ன அந்நியனா?" என்றார். அவள் வாய்க்குள் புடவையைத் திணித்துக்கொண்டாள்.

என்னிடம்: "டீச்சரம்மா, நீங்க படிச்சவிய. நல்லதுக்குத்தான் சொன்னீங்க. என்ற தங்கச்சி மகள வேற எவனும் கேக்கறதுக்கு முந்தி நா என்ற பையனுக்குக் கட்டி வெக்கறேன். வம்சம் வேணுமில்லீங்களா, அதுக்கு என்ற சம்சாரத்தோட தம்பி மக சரசு இருக்குது. பதினேழு வயசு. ரெண்டு வருசம் போகட்டும். தெய்வானை மூத்தவளா இருந்து பாத்துக்குவா. சண்டை சச்சரவு வராது."

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தான். நன்றியால். இவ்வளவு பெருந்தன்மை இந்த ஜில்லாவில் வேறு யாரிடம் கிடைக்கும் என்று அவன் முகம் சொன்னது. யோசித்துப் பார்க்கிறேன். வேறு யாரிடமும் கிடைக்காதுதான்.

"மாத்திரை?" என்றேன்.

"இனி எதுக்குங்க அது? எல்லாருக்கும் தெரிஞ்சாச்சே. மறைக்க என்ன இருக்குது?"

எலும்பு என்று ஆரம்பித்தேன். மெல்லிய குரலில் சொன்னார்: "எங்க ஊட்டுல அவ பாரம் தூக்க வேண்டியதில்லீங்க."

உண்மையைச் சொன்னால் ஏதோ ஒன்று நிற்கும் என்று நினைத்திருந்தேன். மாத்திரை மட்டும் நின்றது.

6 ஆகஸ்ட், ஞாயிறு

பயிற்சிப் பள்ளியில் இடங்கள் முடிந்தன. எனக்குத் தெரிந்த அலுவலக எழுத்தர் சொல்லி அனுப்பினார். எப்படியும் தம்பி கையெழுத்துப் போட்டிருக்க மாட்டான்.

தெ.விடம் ஆபீஸ் அறையில் நடந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். சரசு பெயர் வரை.

"சரசுவா?" என்றாள். "போன வருசம் தேருக்கு வந்தப்ப என்ற பக்கத்துலதான் படுத்திருந்தா. தூக்கத்துல பல்லக் கடிப்பா."

பிறகு: "அவளுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாது."

"எங்கிட்டச் சொன்ன மாதிரி அவகிட்டச் சொல்லறதுக்கு ஆராச்சும் இருக்காங்களா?"

"நீ வேண்டாம்னு சொல்லு, நான் கூட நிக்கறேன்" என்றேன். "என் ரூம்ல இரு. என் சம்பளம் இருக்கு."

என் அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கட்டில், அலமாரி, புத்தகம், ஸ்டவ்.

"நீங்க தனியா இருக்கறதப் பாத்துத்தானுங்க அம்மா பயப்படறாங்க" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில்.

மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அங்கே எங்கே ஒளித்து வைப்பாள்.

20 ஆகஸ்ட், ஞாயிறு

காற்று விட்டுவிட்டது. புழுக்கம்.

கூறைப்புடவை எடுக்கக் கோயமுத்தூர். ராசம்மாள் பேசாவிட்டாலும் என்னையும் வரச் சொல்லி அனுப்பினாள். பட்டு பார்க்கத் தெரிந்தவள் நான்தானாம். நல்லசாமி, அவர் மனைவி. துணைக்கு என்று சரசுவையும் கூட்டி வந்திருந்தார்கள். பச்சைத் தாவணி, நீளமான பெண். பஸ்ஸில் வரும்போதே தெ.வுக்கும் அவளுக்கும் சிரிப்பு.

கடையில் நல்ல கூட்டம். கடைக்காரர் அரக்கில் ஒரு புடவையை உதறி விரித்தார்.

"பாப்பா, கொஞ்சம் தள்ளிக்கோ கண்ணு. பொண்ணு ஆருங்க? மேல வெச்சுப் பாக்கோணும்."

"பாப்பாதாங்க பொண்ணு" என்றாள் தெ.

கடைக்காரர் மன்னிப்புக் கேட்டுக் கேட்டுச் சலித்தார். அவள் தோளில் போட்டுப் பார்த்தார்கள். கரை மடங்கி மடங்கித் தரையில் கிடந்தது. முந்தானை எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. நல்லசாமியின் மனைவிக்குத் திருப்தி இல்லை.

"சரசு, நீ வந்து நில்லு. ஒசரத்துல எப்படி விழுகுதுன்னு பாப்பம்."

சரசு நின்றாள். தாவணிக்கு மேலேயே சுற்றினார்கள். அரக்கு அவளுக்கு நன்றாக இருந்தது. நல்லசாமியின் மனைவி கொசுவத்தை நீவினாள். நீவியதையே மறுபடியும் நீவினாள். ராசம்மாள் விட்டத்தைப் பார்த்தாள். யாரும் "போதும்" என்று சொல்லவில்லை. சரசு மட்டும் கண்ணாடியைப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தாள்.

தெ. முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் தரையில் எட்டவில்லை.

"அவளுக்கே எடுப்பா இருக்குதுங்க மாமா" என்றாள். சாதாரணக் குரல். "எனக்கு எடுக்கறப்பவே அவளுக்கும் ஒண்ணு எடுத்துருங்க. பொறவு இன்னொருக்கா எல்லாரும் பஸ் ஏறி வரோணும்."

கடைக்காரர் சிரித்தார். "பொண்ணு வெவரம்" என்றார். சரசு, "எனக்கெதுக்குங்க்கா இப்ப, போங்க" என்று முகம் சிவந்தாள்.

நல்லசாமி தெ.வைப் பார்த்தார். அவர் தலைகுனிந்து நான் பார்த்தது இதுதான் முதல் முறை. பிறகு அந்த மெல்லிய குரலில் கடைக்காரரிடம் சொன்னார்:

"அதயும் சேத்துக் கட்டிருங்க."

ராசம்மாள் என் கையைப் பிடித்தாள். இரண்டு வாரத்துக்குப் பின் முதல் தடவை. விடவே இல்லை.

திரும்பும்போது தெ. சன்னலோரத்தைச் சரசுவுக்குக் கொடுத்தாள். இரண்டு புடவையும் ஒரே பொட்டலம். மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். சரசு அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு. எழுப்ப வேண்டாம் என்று தெ. எனக்குச் சைகை காட்டினாள்.